ஆறாம் பாட்டில் ஒரு பெயர்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. திருப்பூரில் தாராபுரம் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, திருப்பிப் போட்டு, தையலை இழுத்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். குறையில்லாத பீஸுக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. வலது பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். நல்ல பீஸைப் பாராட்டிக்கொண்டு நின்றால் ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் யார் பார்ப்பது?

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் செல்வக்குமார் சொல்வார். துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவரே வாய் திறந்து சொல்கிறார் என்றால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், கீர்த்தனா. பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பனியன் கம்பெனிக்கு மட்டும் போக மாட்டேன். சரி, எங்கேதான் போவாய் என்று கேட்டால் பதில் வராது. விடிவதற்கு முன் எழுந்து பள்ளிக்கூட கிரவுண்டில் ஓடிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைக்க ஓடுகிறாள் என்று நினைத்தேன். இருக்கிற உடம்பே நாற்பத்தெட்டு கிலோ, இதில் எதை இளைக்கப் போகிறாய் என்று அதற்கும் ஒரு குறை சொன்னேன்.

ராணுவப் போலீஸில் பெண்களை எடுக்கிறார்களாம். அதற்கு எழுதிப்போட்டு, பரீட்சை எழுதி, ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஏழரை நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டி, தேர்வும் ஆகிவிட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். அவள் அப்பாவுக்கு முன்பே தெரியும். ஓட்டத் தேர்வுக்கு டெம்போவில் கூட்டிக்கொண்டு போனதே அவர்தானாம்.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். நான் பெற்று, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, வளர்த்து ஆளாக்கிய பெண்ணை எவனோ ஒருத்தன் சுடுவான். இல்லாவிட்டால் இவள் எவளோ பெற்ற பிள்ளையைச் சுடுவாள். இரண்டில் எது மேல் என்று யாராவது வந்து எனக்குச் சொல்லட்டும்.

பேச்சை நிறுத்தினேன் என்றால் முழுதாக நிறுத்தினேன். மூன்று மாதம். ஒரே அறையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். நான் அவரிடம் சொல்வேன், "சட்னி பிரிட்ஜ்ல இருக்குதுன்னு அவகிட்டச் சொல்லுங்க." அவள் அவரிடம் சொல்வாள், "பசியில்லைன்னு சொல்லீருங்கப்பா." அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தானே எழுந்து போய் அந்தச் சட்னியை எடுத்துச் சாப்பிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பாட்டு வேலை வந்தது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியராஜுக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷம் ஆயிற்று. கத்தரிக்கோல் பிடிக்காத நேரத்தில் அவர் கை மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். எல்லையில் சண்டை மூண்ட அந்தச் சில நாட்களில் கேன்டீனில் எல்லோரும் போனைப் பார்த்து "போடு, இன்னொண்ணு போடு" என்று கிரிக்கெட் பார்ப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தார்கள். பேக்கிங்கில் இருந்த பீகார்ப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் தட்டில் இருந்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அண்ணன் பட்டாளத்தில், அங்கே எல்லையில் இருந்தான். ஆரோக்கியராஜ் அதைப் பார்த்தார். மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போய் ஊர்ப்பாட்டு, தாலாட்டு, கும்மி எது தெரியும் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். பழைய மெட்டு, புது வார்த்தை. எல்லாம் சண்டை வேண்டாம் என்று சொல்லும் பாட்டு. ஏழு பாட்டில் ஓர் ஆல்பம் போட வேண்டும் என்றார்.

அதற்கு அவர் வைத்த பெயர் 'போர்முரசே நில்'. நான் அந்த நோட்டின் அட்டையிலேயே ஒரு சிவப்பு அம்பை ஒட்டினேன்.

"ஏனுங்க மாஸ்டர், இதென்ன கட்சி மாநாடா? நம்ம சனம் சண்டைய வெலக்கிவிடறப்ப எப்படிச் சொல்லுமோ அப்படி வையுங்க."

"எப்படிச் சொல்லுவாக உங்க ஊர்ல?"

"சண்டை வேண்டாமுங்க, அப்படீம்போம்."

அவர் சிரித்துவிட்டார். 'சண்டை வேண்டாமுங்க' என்பதே பெயராக நிலைத்தது. அன்றிலிருந்து பாட்டுக்கும் நான்தான் செக்கிங். வரி வரியாகப் பார்த்து, உதைக்கிற இடத்தில் அம்பு ஒட்டிக் கொடுப்பேன். கோரஸிலும் நின்றேன். சண்டை வேண்டாம் என்று யார் பாடச் சொன்னாலும் தொண்டை கிழியப் பாடத் தயாராக இருந்தேன். என் வீட்டுக்குள் இருந்த ஒரு ஜீவனின் காதில் அது விழ வேண்டும் என்பதே காரணம். ஆல்பம் அவளுக்காக இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

பதிவு செய்ய வந்தவர் பிரபாகர். கல்யாணம், காதுகுத்துக்கு மைக் செட் போடுகிறவர். நல்ல ஸ்டூடியோவில் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள், எதிரொலி வராது, அதற்குக் கோயமுத்தூர்தான் போக வேண்டும் என்றார். ஆரோக்கியராஜ் அவரை எங்கள் துணி குடோனுக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தி, கையைத் தட்டச் சொன்னார். தட்டினார். தட்டின இடத்திலேயே சத்தம் செத்துவிட்டது. நாலு பக்கமும் கூரை வரைக்கும் ரோல் ரோலாகப் பின்னல் துணி. பிரபாகர் இன்னும் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் வேண்டாம்ணா" என்றார்.

முதலாளி கிட்டுசாமி ஞாயிற்றுக்கிழமைக்குச் சாவி கொடுத்தார். துணி மேல் டீ சிந்தக் கூடாது, செருப்போடு ஏறக் கூடாது என்பதுதான் அவர் நிபந்தனை. நாங்களும் ஒரு சட்டம் போட்டோம். பதிவு நடக்கும்போது வாசல் கம்பியில் சிவப்புத் துண்டுத் துணியைக் கட்டிவிடுவோம். அதைக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் இருமக்கூடக் கூடாது, இருந்த இடத்தைவிட்டு அசையவும் கூடாது. மூன்றாவது ஞாயிறு ஷிப்மெண்ட் அவசரத்தில் பாதி ரோல் கட்டிங்குக்குப் போயிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கும்மிப் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து பாடியதுபோல் வந்து தொலைத்தது. புதுத் துணி வந்து அடுக்கும்வரை ஒரு வாரம் காத்திருந்தோம்.

நன்றாக வந்தது ஆரோக்கியராஜின் டீக்கடைப் பாட்டு.

டீக்கடை பெஞ்சுல பட்டாளம் நிக்குது
டிவிக்கு முன்னால துப்பாக்கி வெடிக்குது
வடை ஒண்ணு கொறஞ்சா வாபஸு ஆகுது
வாய் மட்டும் எல்லையில காவலு காக்குது

இதற்கு மட்டும் நான் அம்பு ஒட்டவில்லை. அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஸ்டிக்கர் தீந்துபோச்சா?" என்று கேட்டார்.

ஆறாவது பாட்டில்தான் சிக்கல். அது ஒப்பாரியாக இருக்க வேண்டும் என்றார் அவர். சண்டையில் கடைசியாக மிஞ்சுவது அதுதான் என்பது அவர் கட்சி. ஒப்பாரிக்கு எங்களிடம் ஆள் இருந்தது. என் மேஜையில் நூல் வெட்டும் கருத்தம்மா. ஆரோக்கியராஜின் ஊருக்குப் பக்கத்து ஊர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஊரில் சாவு விழுந்தால் இவள் பஸ் ஏறிப் போய்ச் சேரும்வரை எடுக்காமல் வைத்திருப்பார்களாம்.

கேட்டதும் கருத்தம்மா டிரிம்மர் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"வெளையாட்டுக்கு ஒப்பாரி பாடக் கூடாது தம்பி. எழவு விழாத எடத்துல பாடுனா பாடுன எடத்துல எழவு விழும்பாக."

"செத்துக்கிட்டுத்தேன் இருக்காங்க மதினி. நம்ம பாக்கல, அம்புட்டுதேன்."

அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் மூன்று நிபந்தனை சொன்னாள். நின்றுகொண்டு மைக்கைப் பார்த்துப் பாட மாட்டாள். சாவு வீட்டில்போல் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத்தான் பாடுவாள். பாடி முடித்ததும் எல்லோரும் தலை முழுகிவிட்டுத்தான் வீடு போக வேண்டும். மூன்றாவது, செத்தவனுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரில் உயிரோடு இருக்கிற யாரும் இருக்கக் கூடாது.

"சிப்பாய்ன்னு மட்டும் வெச்சுக்கலாமேங்க்கா?" என்றார் பிரபாகர்.

"எந்தத் தாயி பெத்த மகனைச் சிப்பாயேன்னு கூப்பிட்டு அழுவா?"

கம்பெனியில் இருநூற்றுப் பதினேழு பேர். ஹெச்.ஆரில் இருக்கும் பெண்ணிடம் கெஞ்சி வருகைப் பதிவேட்டை வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சண்டையில் சாவதற்கு ஒரு பெயரைத் தேடி, உயிரோடு இருப்பவர்களின் பட்டியலை விரல் வைத்துப் படிப்பது நல்ல காரியமாக எனக்குப் படவில்லை. பாண்டி என்று முடிகிற பெயர் ஏழு. கார்த்திக் ஒன்பது. யாரைத் தொட்டாலும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் வெள்ளையன் என்ற பெயரில் போய் நின்றோம். பழைய பெயர், இப்போது யாரும் வைப்பதில்லை. பதிவேட்டில் ஒருவருக்கும் இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் வட்டமாக உட்கார்ந்தோம். கருத்தம்மா, நான், கோரஸுக்கு இரண்டு பெண்கள். நடுவில் ஒரு துணி ரோலைப் படுக்கப் போட்டு அதன் மேல் மைக்கை வைத்தார் பிரபாகர். வாசலில் சிவப்புத் துணி கட்டியாயிற்று. கருத்தம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

பட்டு வேட்டி மடிச்சு வச்சேன் – என் வெள்ளையா – நீ
பட்டாளம் போயிவந்தாக் கட்டிக்குவன்னு
பெட்டியில வந்தெறங்க – என் வெள்ளையா – நான்
பெத்த வயித்துல என்னத்தக் கட்டிக்குவேன்

ராகம் சரி, வார்த்தை சரி, குரலும் கணீரென்று இருந்தது. ஆனால் அழுகை இல்லை. நாலு தரம் எடுத்தோம். நாலாவது தரம் முடிந்ததும் ஆரோக்கியராஜ் நன்றாக வந்துவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை.

"கருத்தம்மாக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது ரிஜெக்ட்டுங்க. டிவி சீரியல்ல கிளிசரின் போட்டு அழுகறாப்ல இருக்குது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஆமாத்தா. எனக்கு வெள்ளையன்னு யாரு இருக்கா? இல்லாதவனுக்கு எங்கேருந்து கண்ணீரு வரும்? குத்தம் சொல்ல வாயி இருக்குல்ல, நீயே பாடு."

"பாடுனாப் போச்சு" என்றேன். ரோஷம்தான், வேறென்ன. ஆறு வருஷத்துக்கு முன் என் அம்மா போனபோது பாடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து ராகம் வேறு, கொஞ்சம் இழுவை அதிகம். அது போதும் என்று நினைத்தேன்.

மறுபடி சிவப்புத் துணி கட்டினார்கள். கருத்தம்மா கோபத்தோடே என் தோளில் கையைப் போட்டாள். இந்தப் பக்கத்தில் இன்னொருத்தி போட்டாள். அந்தக் கைகளின் கனம் தோளில் விழுந்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. சாவு வீட்டில் தவிர நம்மை யார் அப்படிப் பிடிக்கிறார்கள்? தலைகள் நாலும் ஒன்றாக முட்டிக்கொண்டன. வெள்ளையன் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரி அவனுக்கே பாடினேன். ஆனால் பட்டு வேட்டி எனக்கு ஒட்டவில்லை. என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு டிராக் பேண்ட்.

டிராக் பேண்டு தொவச்சு வெச்சேன் – என்ற கண்ணு
தடம் பாத்து ஒக்காந்தேன்
கோழி கூவும் முன்னால – என்ற கண்ணு
கெரவுண்டச் சுத்துன காலு
ஓடி ஓடி ஓடிப்போயி – என்ற கண்ணு
ஒரேயடியாப் போயிருச்சே

இது நோட்டில் இல்லாத வரி என்பது எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. ஒப்பாரியில் செத்தவரின் குறையை யாரும் பாடுவதில்லை. நல்லதை மட்டும்தான் சொல்லி அழுவது வழக்கம். அந்த வழக்கம் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

கெட்டுப்போன மிக்ஸியும் – என்ற கண்ணு
உன்ற கைபட்டா ஓடுமே
கெடையில நான் கெடக்கையில – என்ற கண்ணு
உன்ற கஞ்சிதான உசுரு தந்துச்சு
குத்தத்த எண்ணி வெச்சேன் – என்ற கண்ணு
கொணத்த எண்ணலியே
கூட நீ இருக்கையில – என்ற கண்ணு – ஒரு
குளுந்த வார்த்தை சொல்லலியே
என்ற கீர்த்தனா… என்ற கீர்த்தனா…

கருத்தம்மா தோளிலிருந்து கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள். "அடிப் பாவி! உசுரோட இருக்குற புள்ள பேரையா சொன்ன?"

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே விளங்கியது. இருநூற்றுப் பதினேழு பேரைத் தவிர்த்துப் பெயர் தேடிய நான், பெற்ற பெண்ணுக்கு ஒப்பாரி வைத்துவிட்டேன். அதுவும் பட்டாளத்துக்குப் போகக் காத்திருக்கிற பெண்ணுக்கு. பிரபாகர் காதில் மாட்டியதைக் கழற்றாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழிங்க அதை! இப்பவே அழிங்க!" என்று கத்தினேன்.

"அழிக்காதீங்கண்ணா."

ரோல் அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். கீர்த்தனா. கையில் ஒரு கவர். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்திருக்கிறாள். சிவப்புத் துணியைக் கட்டிவிட்டதால் அசையாமல் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறாள்.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது வேறு. "ஞாயித்துக்கெழமை அதுவுமா இங்க என்னடி வேலை உனக்கு?" மூன்று மாதம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அப்படிப்பட்டவள்.

"லெட்டர் வந்துருக்குது. அஞ்சாந்தேதி பெங்களூர்ல சேரோணும். இனி என்னால தபால் கொண்டுபோவ முடியாது, நீயே போய்ச் சொல்லுன்னு அப்பா சொல்லீட்டாரு" என்றாள். பிறகு மைக்கைப் பார்த்தாள். "யாருக்கோ ஒப்பாரின்னு கேட்டுட்டு நின்னேன். எனக்குத்தானாம்மா?"

கவரை இரண்டாக மடித்தாள்.

"மிக்ஸிய நான் சரி பண்ணி ரெண்டு வருசம் ஆச்சும்மா. அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா? 'மூடி சரியா உக்காரல'ன்னு சொன்ன."

"உக்காரலையே" என்றேன்.

"உக்காரல. ஆனா ஓடுச்சல்ல?" அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் ஓடுறதப் பாத்துருக்கயா நீ? ஒரு நாளாவது நல்லாருக்குதுன்னு சொல்லியிருக்கயா? அதக் கேக்கறதுக்கு நான் செத்துத்தான் ஆகோணுமாம்மா?"

அம்பு ஒட்ட ஓர் இடம் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் அந்தத் துணி ரோலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இந்த அழுகைக்கு ராகம் கிடையாது. கீர்த்தனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கருத்தம்மா எடுத்துவிட்ட இடத்தில், என் தோளில் கையைப் போட்டாள்.

கருத்தம்மா எங்கள் எல்லோரையும் குடோனுக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குத் துரத்தினாள். என் தலையில் ஊற்றிய பிறகு கீர்த்தனாவின் தலையில் மூன்று வாளி ஊற்றினாள். "உசுரோட இருக்கையில செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக. ஒனக்கு ஒப்பாரியே வந்துருச்சு. நூறு வருசம் இருப்ப போ" என்றாள். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றினாள்.

கீர்த்தனா ஸ்கூட்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார, ஈரத்தலையோடு வீட்டுக்குப் போனோம். அவிநாசிபாளையம் தாண்டும்போது அவள் காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்.

"போகாத கண்ணு."

"போவேன்மா."

"சண்டை வந்தா?"

"வர வேண்டாம்னுதான் நானும் சொல்றேன். உன்ற கோரஸ்ல என்னையும் சேத்துக்க." வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "இங்கயே இருந்தா உன்ற மேஜைக்கு எதுத்தாப்ல இன்னொரு மேஜை போட்டு என்னை உக்கார வெச்சுருவ. எனக்கு அது வேண்டாம்மா. அவ்வளவுதான்."

நான் மனம் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை வேண்டாம் என்பதில் அன்றும் இன்றும் நான் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவள் போவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மிச்சமிருந்த பதினெட்டு நாளும் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டோம். செல்வக்குமார் நிம்மதியாக இருந்தார்.

ஆறாவது பாட்டை என்ன செய்வது என்பதில் இரண்டு நாள் பஞ்சாயத்து. எடுத்ததிலேயே உயிர் உள்ள பாட்டு அதுதான், தொடக்கூடாது என்றார் ஆரோக்கியராஜ். அந்தப் பெயரோடு வெளியே விட்டால் என் மேஜைப் பக்கம் யாரும் வரக் கூடாது என்றேன் நான். கடைசியில் பிரபாகர், கருத்தம்மா பாடியதிலிருந்து 'என் வெள்ளையா' என்பதை வெட்டி எடுத்து, நான் 'கீர்த்தனா' என்று பாடிய இரண்டு இடத்திலும் ஒட்டினார். டிராக் பேண்ட்டும் மிக்ஸியும் அப்படியே இருந்தன. வெள்ளையன் மிக்ஸி ரிப்பேர் செய்யக் கூடாதா என்ன என்றார் ஆரோக்கியராஜ். அழிக்காத மூலத்தை கீர்த்தனா தன் போனில் வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் வாங்கியதாக அவள் நினைப்பு.

ஐந்தாம் தேதிக்கு முந்தின நாள் ரயில் ஏற்றிவிட்டோம். அவள் சட்டைத் தோளில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்து டிரிம்மரை எடுத்து வெட்டினேன்.

ஆல்பம் தை மாதம் வந்தது. போனில்தான் கேட்க வேண்டும், கேசட் காலமா இது. டீக்கடைப் பாட்டைத் திருப்பூரில் நிஜமான டீக்கடைகளிலேயே போட்டுக் கேட்டார்கள். ஒப்பாரியைப் பேக்கிங்கில் இருந்த அந்தப் பீகார்ப் பெண்கள் மொழி புரியாமலே கேட்டார்கள். அவர்கள் அண்ணன் நல்லபடியாக லீவில் வந்து போயிருந்தான். ஆனாலும் அழுதார்கள். பெயர் ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் இரண்டு இடத்திலும் அம்பு ஒட்டியதுபோல் தெரியும்.

பயிற்சியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் கொடுக்கிறார்கள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு பேசினாள். சாப்பாடு, கால்வலி, குளிர் எல்லாம் சொல்லிவிட்டு, "கூட இருக்கற புள்ளைங்க இன்னிக்கு அந்தப் பாட்டக் கேட்டாளுக. பாஷை தெரியாது. என்ன பாட்டுன்னு கேட்டாளுக" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. "என்ன சொன்ன?"

"எங்கம்மா என்னையப் புகழ்ந்து பாடுன பாட்டுன்னு சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். "நேத்து ஓட்டம் வெச்சாங்கம்மா. ஏழு நிமிசம் ஆறு செகண்டு. எங்க கம்பெனில ரெண்டாவது." பட்டாளத்திலும் கம்பெனி என்றுதான் சொல்வார்களாம்.

ஏன் முதலாவது வரவில்லை, அந்த ஆறு செகண்டை எங்கே விட்டாய் என்கிற கேள்வி நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. பதினாறு வருஷப் பழக்கம். அதை விழுங்கினேன்.

"நல்லா ஓடியிருக்க கண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"ஏம்மா," என்றாள் கீர்த்தனா, பயந்த குரலில், "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"